ஃபிளாட்டை விற்கப் போறீங்களா? எதைச் சரிசெய்யணும், எதை மறைக்கக் கூடாது?

பெங்களூரு, புனே, ஹைதராபாத் என வேலை கிடைத்த ஊரில் லோன் போட்டு ஃபிளாட் வாங்கி, சில ஆண்டுகள் கழித்து வேறு ஊருக்கு மாறுகிறவர்கள் நிறைய பேர். வீட்டை விற்கலாம் என்று முடிவெடுத்ததும் கேட்கும் முதல் அறிவுரை இதுதான்: "ஒரு கோட் பெயிண்ட் அடிச்சு விடுங்க, நல்ல விலைக்குப் போயிடும்."

இதில் பாதிதான் உண்மை. இந்தியாவில் ஒரு ஃபிளாட் விற்றுமுடிய, பெரும்பாலும் மூன்று பேர் சம்மதிக்க வேண்டியிருக்கிறது: வீடு பார்க்க வரும் குடும்பம், அவர்களுக்கு லோன் தரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், அந்த வங்கியின் வக்கீல். பெயிண்ட் முதல் ஆளை மட்டும்தான் கவரும். மற்ற இருவருக்காகவும் வீட்டைத் தயார் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது, எதற்குச் செலவு செய்யலாம், எங்கே சட்டம் குறுக்கே வரும் என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

'ஹோம் ஸ்டேஜிங்' என்றால் என்ன?

விற்கப் போகும் வீட்டை, வாங்க வருபவர் கண்ணுக்குப் பிடிக்கும்படி ஒழுங்குபடுத்தி வைப்பதுதான் ஹோம் ஸ்டேஜிங். 1970களில் அமெரிக்காவில் இது ஒரு தொழிலாக உருவெடுத்தது. அங்கே வாடகைக்கு சோபா, கட்டில், ஓவியங்கள் கொண்டுவந்து காலி வீட்டை அலங்கரிப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன.

நமக்கும் இது புதிதல்ல. பில்டர்கள் காட்டும் 'மாடல் ஃபிளாட்' இதே உத்திதான். மறுவிற்பனை வீட்டில் அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. சுத்தம் செய்வது, சின்னச் சின்ன ரிப்பேர்களை முடிப்பது, அதிகப்படியான சாமான்களை அகற்றுவது, வெளிச்சம் வரவைப்பது, இந்த நான்கும் போதும்.

முதல் வேலை பெயிண்ட் இல்லை, ஓதம்

வீடு பார்க்க வருபவர் சுவரின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் மூலைகளைப் பார்ப்பார். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர், ஜன்னலுக்குக் கீழே, கூரையும் சுவரும் சேரும் இடம், இங்கே எங்காவது பெயிண்ட் உப்பியிருந்தாலோ உரிந்திருந்தாலோ கேள்வி வந்துவிடும்: "இது என்ன சார், தண்ணி இறங்குதா?" அதற்குப் பிறகு பேச்சு முழுக்க விலைக் குறைப்பைப் பற்றித்தான் இருக்கும்.

ஓதம் வருவதற்குப் பொதுவாக நான்கு காரணங்கள்:

• பாத்ரூம் டைல்ஸ் இணைப்புகளில் பூச்சு தேய்ந்து தண்ணீர் உள்ளே இறங்குவது.

• தரையில் தண்ணீர் வெளியேறும் குழாய் வாயைச் சுற்றி விரிசல்.

• சுவருக்குள் போகும் குழாயில் கசிவு.

• வெளிச்சுவர் விரிசல் வழியாக மழைத் தண்ணீர்.

முதல் மூன்றில் கோளாறு உங்கள் வீட்டிலும் இருக்கலாம், மேல்மாடி வீட்டிலும் இருக்கலாம். மேல்மாடியிலிருந்து வருகிறதென்றால் அவர்களிடமும் சங்கத்திடமும் எழுத்தில் சொல்லுங்கள். நான்காவது, அதாவது வெளிச்சுவர், பெரும்பாலும் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. அதற்கு ஒப்புதல் வாங்கி, ஆள் பிடித்து, வேலை முடிய மாதக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் இதை முதலில் தொடங்கச் சொல்கிறோம்.

கசிவை அடைத்ததும் உடனே புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துவிடக் கூடாது. சுவர் முழுக்கக் காய வேண்டும். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் சில வாரங்களிலேயே மறுபடி உப்பும். அநேகமாக அது, வாங்குபவர் இரண்டாம் முறை குடும்பத்தோடு பார்க்க வரும் நேரமாக இருக்கும்.

கட்டடம் புதியதா? ரெரா சட்டம் இங்கே உதவலாம். ரெராவில் பதிவான திட்டத்தில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து, பில்டரிடம் முறையிட்டால், அவர் 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணம் இல்லாமல் சரிசெய்து தர வேண்டும். கைக்கு வந்து 5 ஆண்டுகள் ஆகாத வீடு என்றால், சொந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் இந்தத் தேதியைச் சரிபாருங்கள்.

மறைத்து விற்றால் என்ன ஆகும்?

"புட்டி வைச்சு மூடிடுங்க, ரெஜிஸ்ட்ரேஷன் முடியுற வரைக்கும் தாங்கும்" என்று சொல்லும் பெயிண்டரும் உண்டு, புரோக்கரும் உண்டு. இது ஸ்டேஜிங் இல்லை.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவு, இதைத் தெளிவாகச் சொல்கிறது. சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை ஒன்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் அவரால் கண்டுபிடிக்கவும் முடியாது என்றால், அதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை. சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு கருதுகிறது.

இந்த எல்லையை நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். கறை படிந்த சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது அழகுபடுத்தல். தண்ணீர் இறங்கும் சுவருக்குப் பெயிண்ட் அடித்து வாய்திறக்காமல் இருப்பது மறைத்தல். முதலாவது உங்கள் உரிமை. இரண்டாவது, பணம் கைக்கு வந்த பிறகும் உங்களைத் துரத்தி வரக்கூடிய வழக்கு.

ஏற்கெனவே சரிசெய்த கசிவு என்றால் அதைச் சொல்வதில் லாபமே இருக்கிறது. வேலை செய்த பில், வாட்டர்புரூஃபிங் உத்தரவாதச் சீட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, இவற்றை ஒரு ஃபைலில் வைத்துக் காட்டுங்கள். "இங்க போன வருஷம் தண்ணி இறங்குச்சு, இதைச் செஞ்சு சரி பண்ணியாச்சு" என்று சொல்பவரின் மற்ற பேச்சும் நம்பப்படும்.

எதற்குச் செலவு செய்யலாம்?

பெயிண்ட்: வெள்ளை, வெளிர் பழுப்பு போன்ற நிறங்கள் அறையைப் பெரிதாகக் காட்டும். பெயிண்டர் தரும் எஸ்டிமேட்டைச் சரிபார்க்க ஒரு பழக்கக் கணக்கு உண்டு: பூச வேண்டிய மொத்தப் பரப்பு, கார்ப்பெட் ஏரியாவைப் போல் ஏறத்தாழ 3 முதல் 3.5 மடங்கு வரும். 700 சதுர அடி கார்ப்பெட் ஏரியா என்றால் 2,100 முதல் 2,450 சதுர அடி. அதைவிட ரொம்ப அதிகமாக எழுதியிருந்தால் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

பாத்ரூம்: டைல்ஸ் இணைப்புகளைப் புதுப்பிப்பது, உப்புக்கறையை நீக்குவது, ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது, துருப்பிடித்த ஷவரை மாற்றுவது. செலவு சிறியது, பார்த்ததும் தெரியும்.

சமையலறை: எண்ணெய்ப் பிசுக்கு, சிம்னி ஃபில்டர், தொங்கிப்போன அலமாரிக் கதவின் கீல், சிங்க் அடியில் வரும் நாற்றம். வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன வாசனை புதிதாக வருபவர் மூக்கில் உடனே ஏறும். அதனால் வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மின்சாரம்: எரியாத பல்பு, சத்தம் போடும் ஃபேன், ஆடும் சுவிட்ச். வாங்க வருபவர்கள் எல்லாச் சுவிட்சையும் போட்டுப் பார்ப்பார்கள், எல்லாக் குழாயையும் திறந்து பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் நீங்களே அதைச் செய்துவிடுங்கள்.

எதற்குச் செலவு செய்யக் கூடாது? புது மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், விலை உயர்ந்த வால்பேப்பர். வாங்குபவர் தன் ரசனைக்கு அதை இடித்துவிட்டு மாற்றக்கூடும். வாஸ்துவுக்காக வாசலை மாற்றுவதும் வேண்டாம். நம்பிக்கை உள்ளவர்கள் கேட்பார்கள் என்பது உண்மைதான். அவர்களுக்கு வடக்குத் திசை குறித்த தரைப்படம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தால் போதும்.

போட்டோவில்தான் முதல் சந்திப்பு

நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்ற தளங்களில் வாங்குபவர் முதலில் பார்ப்பது படங்களைத்தான். நல்ல மொபைல் கேமரா போதும், சில விஷயங்களைக் கவனித்தால்:

• பகல் வெளிச்சத்தில், திரைகளை விலக்கி, விளக்கையும் போட்டு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

• மொபைலைப் படுக்கை வசத்தில், நெஞ்சு உயரத்தில், அறையின் மூலையிலிருந்து பிடியுங்கள்.

• பால்கனித் துணிக்கொடி, ஃபிரிட்ஜ் மேல் உள்ள பைகள், கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டிகள், இவையெல்லாம் படத்தில் இருக்கக் கூடாது.

• குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பள்ளிப் பெயர் தெரியும் சான்றிதழ், பீரோ இருக்கும் இடம், இவற்றைத் தவிருங்கள். இது அழகுக்காக இல்லை, பாதுகாப்புக்காக.

• தரைப்படம் ஒன்றைச் சேருங்கள். கார்ப்பெட் ஏரியா, சூப்பர் பில்ட்அப் ஏரியா இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

இப்போது ஏஐ செயலிகள் காலி அறையில் சோபாவும் செடியும் வைத்துக் காட்டுகின்றன. பயன்படுத்தினால், அது கணினியில் சேர்த்தது என்று படத்திலேயே எழுதுங்கள், அசல் படத்தையும் பக்கத்தில் போடுங்கள். சுவர் விரிசலை அழிக்கவோ ஜன்னலுக்கு வெளியே உள்ள காட்சியை மாற்றவோ பயன்படுத்தினால், நேரில் வரும்போது நம்பிக்கை போய்விடும்.

வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்களா?

வேறு ஊரில் இருந்துகொண்டு விற்பவர்களுக்கு இதுதான் நிலைமை. வாடகை ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தை முதலில் பாருங்கள். அவர்களிடம் சொல்லாமல் விளம்பரம் போடாதீர்கள். படம் எடுக்கவும் ஆள் கூட்டிவரவும் அனுமதி கேளுங்கள். வாரத்தில் இரண்டு நேரங்களை மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒத்துழைப்பதற்காகக் கொஞ்சம் வாடகை குறைத்துத் தந்தாலும் நஷ்டமில்லை. வீடு பார்க்க வருபவரிடம் "தண்ணி பிரச்சினை இருக்கா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போவது அவர்தான்.

இரண்டாம் ஆள்: வங்கியின் மதிப்பீட்டாளர்

திரைச்சீலையும் பூச்செடியும் இவர் கணக்கில் வராது. கட்டடத்தின் வயது, நிலை, பரப்பு, அக்கம்பக்க விலை, இவற்றோடு அவர் பார்க்கும் முக்கியமான விஷயம், ஒப்புதல் பெற்ற வரைபடமும் நேரில் இருக்கும் வீடும் ஒன்றுதானா என்பது. மூடி அறையாக்கிய பால்கனி, ஹாலோடு சேர்க்க இடித்த சமையலறைச் சுவர், மொட்டை மாடியில் போட்ட ஷெட், நாம் 'வசதி' என்று காட்டும் இதையெல்லாம் அவர் 'விதிமீறல்' என்று எழுத முடியும்.

அவர் போடும் மதிப்பு ஏன் முக்கியம்? ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டு மதிப்பில் வங்கி தரக்கூடிய லோனுக்கு உச்சவரம்பு உண்டு. 30 லட்சம் வரையிலான லோனுக்கு 90%, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%.

ஒரு உதாரணக் கணக்கு. வீட்டை அழகாகக் காட்டி 80 லட்சத்துக்குப் பேசி முடித்துவிட்டீர்கள். 80% லோன் என்றால் 64 லட்சம். வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டியது 16 லட்சம். ஆனால் மதிப்பீட்டாளர் 72 லட்சம்தான் என்கிறார். வங்கிகள் இரண்டில் குறைந்த தொகையைத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளும். லோன் 57.6 லட்சமாகக் குறையும், வாங்குபவர் போட வேண்டியது 22.4 லட்சமாக உயரும். கூடுதலாக 6.4 லட்சம் அவரிடம் இருக்க வேண்டும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இதில் சேரவில்லை. பல பேரங்கள் முறிவது இந்த இடத்தில்தான்.

எனவே விலை சொல்லும் முன், உங்கள் வளாகத்திலேயே அண்மையில் உண்மையில் பதிவான விலைகளை விசாரியுங்கள். இணையதளங்களில் தெரிவது விற்பவர்கள் கேட்கும் விலை மட்டுமே.

மூன்றாம் ஆள்: வக்கீல்

வக்கீல் வீட்டுக்கே வரமாட்டார். அவருக்கு ஃபைல்தான் வீடு. விளம்பரம் போடும் முன்பே தயாராக இருக்க வேண்டியவை:

• கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள்.

• வில்லங்கச் சான்று.

• ஒப்புதல் பெற்ற வரைபடம், குடியேறுவதற்கான ஓ.சி. சான்று. கட்டட நிறைவு அல்லது குடியேற்றச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் லோன் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தச் சான்று இல்லாத வீட்டுக்கு வாங்குவோர் வட்டம் சுருங்கிவிடும்.

• சொத்து வரி, மின்கட்டண ரசீதுகள், சங்கத்தின் 'பாக்கி இல்லை' கடிதம்.

• பார்க்கிங் ஒதுக்கீட்டுக் கடிதம்.

• லோன் பாக்கி இருந்தால், வங்கியிடமிருந்து பாக்கித்தொகைக் கடிதமும் வங்கி வசம் உள்ள அசல் ஆவணங்களின் பட்டியலும்.

ஊருக்கு ஊர் கூடுதல் தேவைகள் உண்டு. பெங்களூரில் 2024 அக்டோபர் முதல் பத்திரப் பதிவுக்கு இ-காத்தா கட்டாயம். அதில் பெயரோ பரப்போ தவறாக இருந்தால் திருத்த நேரம் ஆகும். மும்பை, புனேயில் வீட்டுவசதிச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் முக்கியம். அங்கே சங்கம் வாங்கும் 'டிரான்ஸ்ஃபர் பிரீமியம்' 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று மகாராஷ்டிர அரசின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வரையறுக்கிறது.

லோனை ஏற்கெனவே அடைத்துவிட்டீர்களா? முழுத்தொகையும் கட்டிய 30 நாட்களுக்குள் வங்கி அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது ரிசர்வ் வங்கியின் விதி.

செலவும் வரியும்

வீட்டை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைப்பது நீண்டகால மூலதன ஆதாயம். அதற்கு வரி 12.5%. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர்கள், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20% என்ற பழைய கணக்கில் வரி குறைவாக வந்தால் அந்த அளவுக்கே கட்டலாம்.

விற்பனைக்காகத் தரும் புரோக்கர் கமிஷனை ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். வீட்டின் தன்மையையே உயர்த்தும் நிரந்தர மேம்பாட்டுச் செலவையும் பில் இருந்தால் சேர்க்கலாம். ஆனால் பெயிண்ட், சாதாரண ரிப்பேர், வாடகை சோபா போன்றவை பொதுவாக இதில் வராது. எனவே ஸ்டேஜிங் செலவை உங்கள் கைக்காசாகவே கணக்கிடுங்கள்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1% டிடிஎஸ் பிடித்து மீதியைத்தான் தருவார். உங்கள் பான் செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் குடியேறிவிட்டவர்களுக்கு இந்த 1% பொருந்தாது, பிடித்தம் மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கலாம். டோக்கன் அட்வான்ஸாகவே இருந்தாலும் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

காலியாக இருக்கும் வீட்டில் 30 லட்சம் லோன் பாக்கி, வட்டி 8.5% என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மட்டும் சுமார் 21,250 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் 4,000 சேர்த்தால் 25,250. ஆவணம் ஒன்று இல்லாமல் மூன்று மாதம் இழுத்தால் 75,750 ரூபாய் போகும், வராத வாடகை வேறு. சரிசெய்யாத ஓதத்தைக் காட்டி ஒருவர் 80 லட்சத்தில் 5% குறைத்துக் கேட்டால் அது 4 லட்சம். இந்த இரண்டு தொகைகளோடு, வாட்டர்புரூஃபிங் எஸ்டிமேட்டையும் பெயிண்டர் எஸ்டிமேட்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எதை முதலில் செய்வது என்பது தெரிந்துவிடும்.

எந்த வரிசையில் செய்யலாம்?

1. ஆவண ஃபைலைச் சேருங்கள். இல்லாத சான்றுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். அதிக நாள் பிடிப்பது இதுதான்.

2. ஓதம் வரும் இடத்தைக் கண்டுபிடித்து அடையுங்கள். சுவர் காயட்டும்.

3. அந்த இடைவெளியில் வேண்டாத சாமான்களை அகற்றுங்கள். குழாய், மின் ரிப்பேர்களை முடியுங்கள்.

4. பெயிண்ட், அதன்பின் ஆழமான சுத்தம்.

5. போட்டோ, தரைப்படம்.

6. பதிவான விலைகளை விசாரித்து உங்கள் விலையை முடிவு செய்து விளம்பரம் போடுங்கள்.

7. முன்பு இருந்து சரிசெய்த குறைகள், இன்னும் இருக்கும் குறைகள், இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதி, பேரம் முடியும் முன் வாங்குபவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் "சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வந்தால், உங்கள் பக்கம் பேசப்போவது அந்த ஒரு பக்கம்தான்.